ஆயா இடித்த சுவர்

(சாட்ஸ்வொர்த்)

கட்டடம் வரைகிற வேலைக்குள் கம்ப்யூட்டர் வந்ததை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதை ஆயா வீட்டிலிருந்துதான் தொடங்கும்.

ஆயா தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மேகசின் பேரக்ஸ் என்ற இந்தியத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். 1960களில் அங்கிருந்த குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். தெருத் தெருவாக, நகராட்சி கட்டிய ஒரே மாதிரி கவுன்சில் வீடுகள். புரட்டாசி சனிக்கிழமை நாற்பது பேருக்குச் சமைக்கிற குடும்பம். அடுப்படியிலோ இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. ஆயா யாரையும் கேட்கவில்லை, ஆள் வைத்துப் பின்சுவரை இடித்துவிட்டார். நோட்டீஸ் வந்தது. அபராதம் கட்டினார். சுவரைத் திரும்பக் கட்டவில்லை.

நான் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கும்போது வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு அங்குலக் கனசதுரக் கட்டைகள் நூற்றுக்கணக்கில். நடுவே ஜெர்பில் என்கிற பாலைவன எலிகள். மேலே கம்ப்யூட்டர் இயக்கும் ஒரு கை. பெயர் ‘சீக்’. நிக்கோலஸ் நெக்ரோபோன்டேயும் லியோன் கிராய்சரும் 1967இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆர்க்கிடெக்சர் மெஷின் குரூப் என்ற ஆராய்ச்சிக் குழு அதைச் செய்து, 1970இல் நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் வைத்தது. எலி ஒரு கட்டையை லேசாக நகர்த்தினால் அந்தக் கை நேராக்கிவிடும். ரொம்ப நகர்த்தியிருந்தால், எலிக்கு அங்கேதான் வேண்டும் போல என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, புது இடத்திலேயே ஒழுங்காக வைக்கும்.

வகுப்பில் சிரித்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. எலி தள்ளிய கட்டைக்குக் கிடைத்த மரியாதை ஆயாவின் சுவருக்குக் கிடைக்கவில்லையே.

அப்புறம் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அவர்களுடைய முதல் முயற்சி ‘அர்பன்5’. பத்தடிக் கனசதுரங்களைத் திரையில் அடுக்கிக்கொண்டே கட்டடக் கலைஞர் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும் என்பது எண்ணம். அது எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று நெக்ரோபோன்டே தானே எழுதினார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு. என் மனசில் நின்றது 1976இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி: குடியிருக்கப் போகிறவரே, நடுவில் கட்டடக் கலைஞர் இல்லாமல், திரையில் தன் வீட்டை வரைந்துகொள்கிற ‘யோனா’ என்ற புரோகிராம். இந்தக் குழுவின் வேலைகளுக்கு அமெரிக்க ராணுவத்திடமிருந்தும் பணம் வந்தது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1985இல் திறந்த, எம்ஐடியின் மீடியா லேப் என்ற ஆராய்ச்சிக்கூடம் இந்தக் குழுவிலிருந்து வளர்ந்ததுதான்.

(பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தங்கச்சி, நான் அந்தக் காலத்து டிராஃப்ட்ஸ்மேன். டிரேசிங் பேப்பரில் மைக்கோடு தப்பினால் பிளேடால் சுரண்டுவோம். கொஞ்சம் அழுத்தினால் தாள் ஓட்டையாகிவிடும். கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற ஆட்டோகேட் புரோகிராம் 1982இல் வெளிவந்தது. எங்கள் ஆபீசுக்கு வர இன்னும் சில வருஷம் ஆனது. முதல் நாள் ஒரு கோட்டை அழித்துவிட்டு, தாளில் தழும்பே இல்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வேகம் கூடியது, உண்மை. ஆனால் அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள் என்று எங்கள் மெஷின் ஒரு நாளும் கேட்டதில்லை. எம்ஐடிக்காரர்கள் அதைக் கேட்க வைக்கப் பார்த்தார்கள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

(ஃபீனிக்ஸ், டர்பன்)

அக்கா, அதே குழு 1978இல் அமெரிக்காவில் ஆஸ்பென் என்ற ஊரையே படம் பிடித்தது தெரியுமா? கார் மேலே நாலு கேமரா, பத்தடிக்கு ஒரு படம். அதையெல்லாம் வீடியோ டிஸ்க்கில் ஏற்றினார்கள். திரையைத் தொட்டு இடம் வலம் திரும்பி ஊரைச் சுற்றலாம். இன்று கூகுள் மேப்பில் தெருக்களைச் சுற்றிப் பார்க்கிற ஸ்ட்ரீட் வியூவுக்கு அதுதான் முன்னோடி. போன வருஷம் நடக்க முடியாத அம்மாவை நான் ஸ்ட்ரீட் வியூவில் டர்பன் கிரே ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப் போனேன். “மெல்லப் போ, அந்தப் புடவைக் கடை வரும்” என்றார். கடை இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றோம்.

(சாட்ஸ்வொர்த்)

தம்பி, இதைப் படித்ததும் ஆயாவிடம் போனேன். லேப்டாப்பில் அவர் வீட்டை, இடித்த சுவரோடு, வரைந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “அம்மிக்கு இடம் எங்கடி?” என்றார். இப்போது அந்த மூலையைத்தான் மாற்றி வரைந்துகொண்டிருக்கிறேன்.