முதல் தடவை ரோலர் கோஸ்டர்: மகளோடு நானும் ஏறலாமா?

ஆனையூர் அம்மா:
பரீட்சை முடிந்ததும் பெங்களூரில் நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து பிடதி வொண்டர்லா பூங்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஒன்பதாவது படிக்கும் மகள் உயிரை எடுக்கிறாள். 'ரீகாயில்' ரோலர் கோஸ்டரில் ஏறியே தீர வேண்டுமாம். பின்பக்கமாகத் தலைகீழாகச் சுற்றுமாமே? சித்திரைப் பொருட்காட்சியில் கொலம்பஸ் கப்பல் ஊஞ்சலில் ஏறினாலே எனக்கு அடிவயிறு கலங்கும். அவளைத் தனியாக ஏற்றவும் மனசு வரவில்லை. ஏறியவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

திருமங்கலம் ஒர்க்‌ஷாப்:
தங்கச்சி, நான் பஸ், லாரி மெக்கானிக். அக்கா மகனோடு அதில் ஏறியிருக்கிறேன். வரிசையில் நிற்கும்போதே என் கண் சக்கரத்தில்தான் இருந்தது. தண்டவாளக் குழாய்க்கு மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று பக்கமும் சக்கரங்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன. தலைகீழானாலும் வண்டி தண்டவாளத்தை விட்டுப் பிரிய வழியே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு நிம்மதியானது. உங்கள் மகளுக்கும் அதைக் காட்டுங்கள்.

வண்டியில் எஞ்சின் கிடையாது. உயரத்துக்கு இழுத்துப் போய் விட்டுவிடுகிறார்கள், மற்றதெல்லாம் அந்த உயரம் கொடுக்கும் வேகம். இது போன வழியே திரும்பி வரும் பூமராங் வகை. நெதர்லாந்தின் வெக்கோமா கம்பெனி வடிவமைத்தது, 1984 முதல் பல நாடுகளில் ஓடுகிறது. கோபுரம் 35 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், வேகம் மணிக்கு சுமார் 75 கிலோமீட்டர். நாலுவழிச் சாலையில் நம் பஸ் தினமும் போகிற வேகம்தான், ஆனால் பஸ் அந்த வேகத்தில் செங்குத்தாக ஏறாது.

தோள்கம்பி இறங்கிப் பூட்டியதும் வண்டி பின்னோக்கிக் கிளம்பும். முதுகுப் பக்கம் மேலே போகப் போக முகம் தரையைப் பார்க்கும், உடம்பின் பாரம் முழுக்கத் தோள்கம்பியில் விழும். உச்சியில் கொஞ்ச நேரம் அப்படியே தொங்குகிறோம். கீழே நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது தெரிகிறது. யாரும் பேசுவதில்லை. மொத்தச் சவாரியிலும் என் மனசில் நின்றது அந்த நேரம்தான். பிடி விட்டதும் ஸ்டேஷனைத் தாண்டிப் பாய்ந்து, பாம்பு படமெடுத்த மாதிரி வளைந்த கோப்ரா ரோலில் இரண்டு தடவை புரட்டி, அடுத்து ஒரு முழு வளையம். எதிர்க் கோபுரத்தில் ஏறும்போது மல்லாந்து கிடக்கிறோம், வானம் மட்டும் தெரியும். அங்கிருந்து வந்த வழியே பின்னோக்கி இறக்கம். போக மூன்று, வர மூன்று, ஆக ஆறு தடவை தலைகீழ். அடுத்த திருப்பம் கண்ணுக்குத் தெரியாததால் உடம்பு முன்கூட்டியே இறுகுவதில்லை. முன்னோக்கிப் போனதைவிட இந்தப் பின்னோக்கிய சவாரிதான் எனக்குப் பிடித்தது. அக்கா மகன் கண்ணையே திறக்கவில்லை, இறங்கியதும் மறுபடி வரிசைக்கு ஓடினான்!

மேலூர்க்காரன்:
வளையத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளாதா அண்ணே? அந்த பயத்தில்தான் நான் எதிலும் ஏறுவதில்லை.

திருமங்கலம் ஒர்க்‌ஷாப்:
நியாயமான பயம்தான் தம்பி. 1895-ல் நியூயார்க் கோனி தீவில் கிட்டத்தட்ட முழு வட்டமாக ஒரு வளையம் கட்டினார்கள். ஏறியவர்களுக்குக் கழுத்து வலி வந்து, அது ரொம்ப நாள் ஓடவில்லை. 1976-ல் கலிபோர்னியாவில் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் எஞ்சினியர் போட்ட கணக்கில் வளைவை மேலே இறுக்கமாகவும் கீழே அகலமாகவும் மாற்றினார்கள். அடியில் விழும் அழுத்தம் அதனால் குறைந்தது. இப்போதும் உடல் எடை பல மடங்காக அழுத்தும், தலையைச் சாய்மானத்தோடு ஒட்டி வையுங்கள். பிரஷர், இதயக் கோளாறு, முதுகு அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் ஏறவே கூடாது.

பரவை வாசி:
ஆனையூரிலிருந்து எங்கள் பரவை பக்கம்தானே அக்கா. முதலில் இங்கே அதிசயம் பூங்காவில் ஒருநாள் அம்மாவும் மகளும் ராட்டினங்களில் ஏறிப் பாருங்கள். வயிறு தாங்குமா என்று தெரிந்துவிடும்.

ஆனையூர் அம்மா:
அது நல்ல யோசனை, இந்த ஞாயிறே போகிறோம். அண்ணே, முன் பெட்டியா பின் பெட்டியா?

திருமங்கலம் ஒர்க்‌ஷாப்:
முதல் கோபுரத்தில் கடைசிப் பெட்டிதான் அதிக உயரம் போகும், எதிர்க் கோபுரத்தில் முதல் பெட்டி. முதல் தடவைக்கு நடுவில் உட்காருங்கள். உயரம் அளந்துதான் ஏற்றுவார்கள், அவர்கள் அளவைப் பார்த்து மகளை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். செருப்பு, போன், கண்ணாடி எல்லாம் நாத்தனாரிடம் இருக்கட்டும். சாப்பாடு, சவாரி முடிந்து கீழே இறங்கின பிறகு.