பாட்டில் மூடியைத் திறந்தது யார்?

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம் எனக்கு உறுதியாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒருமுறை எடுத்து வருவதில் வீக்கம் வடிந்து, ரத்தப் பரிசோதனையும் சீரானதால், கை சரியாகிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். சென்ற மாதம் சிகிச்சையாளர் ஒருவர் என் முழங்கையை மடக்கி உடலோடு ஒட்டி வைக்கச் சொல்லி, பிடிவலிமை அளக்கும் கருவியைக் கொடுத்து, மும்முறை இறுக்கச் சொன்னார். வலக்கையின் சராசரி 11 கிலோ. கருவி பழுதாக இருக்குமோ என்று கேட்டேன். அவர் அதை வாங்கித் தாமே அழுத்திக் காட்டினார், முள் விறுவிறுவென்று ஏறியது.

அதன் பின் அன்றாட வேலைகள் பற்றிப் பிரிவு பிரிவாக 20 கேள்விகள் கொண்ட படிவம். ஏற்கெனவே ஒருமுறை திறந்த பாட்டிலின் மூடியைத் திறக்க முடிகிறதா என்பதற்குச் 'சிரமமில்லை' என்று குறித்திருந்தேன். "வீட்டில் அதைத் திறப்பது யார்?" என்றார். காலையில் மகள்தான் எல்லா மூடிகளையும் தளர்த்தி வைத்துவிட்டுப் புறப்படுகிறாள் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. பிறர் உதவியோ துணைக்கருவியோ தேவைப்பட்டால், அந்தப் பிரிவுக்கு 0 அல்லது 1 என்று வந்திருந்தாலும் 2 என்றே கணக்கிடுவார்களாம். எண் கூடக்கூடச் சிரமமும் கூடுதல் என்று பொருள்; உச்ச மதிப்பு 3. பொத்தான் வைத்த சட்டைகளை அலமாரியின் அடியில் தள்ளியதையும், ஈரத்துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் காயப்போடுவதையும் நான் சிரமம் என்று எண்ணியதே இல்லை. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்கும் நோய் இது. நம்மில் எத்தனை பேர் இப்படிப் படிவம் நிரப்புகிறோமோ!

*

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பிடிவலிமையைப் பிற்பகலில் அளந்ததால் நல்ல எண் வந்துவிட்டது; காலையில் ஒன்றரை மணி நேரம் விரல் மடங்காமல், சாவியை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் திருப்புகிறேன் என்பது அந்த எண்ணில் இல்லை. பிரிட்டனில் 490 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2015இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், கைக்கென வகுத்த நீட்டல், வலுவூட்டல் பயிற்சிகளைச் செய்தவர்களின் கைச்செயல்பாடு ஓராண்டுக்குப் பின்னும் மற்றவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது. அதைப் படித்த பிறகே நானும் தொடங்கினேன். அடுத்த முறை அளக்கும்போது, எண்ணுக்குப் பக்கத்திலேயே நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.