குதிரை உயரம் அளந்தப்போ உங்களுக்கு நடந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

ஆனைமலைக்காரன்

ரேக்ளா பாக்குறவங்களுக்கு முன்கதை தேவையில்லை, நேரா விசயத்துக்கு வர்றேனுங்க. கேரளா பார்டருக்கு இந்தப்பக்கம் ஒரு ஊர் நோம்பி (திருவிழா), அதுல குதிரை வண்டிப் பந்தயம். எங்க சித்தப்பாவோட மட்டக்குதிரைக்கு 45 இன்ச் பிரிவுல பேர் கொடுத்திருந்தோம். அளக்குற எடத்துல கால் இன்ச் கூட இருக்குதுன்னு சொல்லி, பெரிய குதிரையோட ஓட்டிக்கங்கன்னுட்டாங்க. பெரிய குதிரைக கூட அது எங்கீங்க ஓடும்? வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துட்டோம்.

எனக்கு இன்னும் ஆறலீங்க. நிறுத்துனது தார் ரோட்டோரத்துல. தண்ணி வடியறதுக்குச் சாய்வா போட்டிருப்பாங்களே, அந்த எடம். குதிரை நின்னது மேட்டுல, அளவுக்குச்சிய ஊனுனது பள்ளத்துப் பக்கம். முந்தின நாள்தான் புது லாடம் அடிச்சிருந்தோம். பத்தடி தள்ளி செண்டை அடிக்கிறாங்க, குதிரை தலையத் தூக்கிக்கிட்டு ஒடம்பெல்லாம் வெறைச்சு நிக்குது. குறுக்குப் பட்டைய ஒருத்தர் கையிலயே புடிச்சிருந்தாரு. நான் குனிஞ்சு பாத்தேன். பட்டைக்கும் முதுகு மேட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது. ஒரு விரல் நுழையற அளவு வெளிச்சம். "தொடவே இல்லீங்களே"ன்னு சொல்லி வாய மூடறதுக்குள்ள அடுத்த குதிரையக் கூப்புட்டுட்டாங்க.

தெரிஞ்சவங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. லாடத்துக்குக் கழிக்கணுமா, வேண்டாமா?

வேலந்தாவளம்

கழிக்கணும்ணா. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு விதியில போனின்னா, அதாவது மட்டக்குதிரைன்னா, லாடம் இல்லாம 148 செ.மீ., லாடத்தோட 149. அப்போ லாடத்துக்கு 1 செ.மீ. விட்டுக் கொடுக்குறாங்க. 1 செ.மீ.ன்னா 0.4 இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. உங்க கால் இன்ச் அதுக்குள்ளயே அடங்கிப்போச்சு. மேடு பள்ளக் கணக்குக்கே போக வேண்டியதில்லை.

எனக்கு உறுத்துறது வேற. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில மார்வாரி ஜாதியில ஒரு பெட்டைக் குதிரை வாங்கினோம். விக்கிறவர் 14.2 ஹேண்ட்னு சொன்னார், நாங்களும் அளந்து பாத்தோம், சரியா இருந்துச்சு. வண்டியில ஏத்துறதுக்கு சர்டிபிகேட் எழுதினப்போ நிறம், சுழி, நெத்திச் சுட்டி எல்லாம் சரியா எழுதிட்டு, உயரத்துல மட்டும் 144 செ.மீ.ன்னு போட்டுட்டாங்க. வழியில ஒரு செக்போஸ்ட்ல டேப் வச்சுப் பாத்தா 147. "பேப்பர்ல இருக்கிற குதிரை இது இல்லையே"ன்னு நிறுத்திட்டாங்க. நல்ல மழை. உள்ள குதிரை பலகைய உதைக்குது. அந்த ஆபீசர் போனை எடுத்து 14.2-ஐ 10.16-ஆல பெருக்கி, 144.27-னு வந்ததை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். "கணக்கு சரியாத்தான இருக்கு, குதிரைதான் தப்பு."

அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை. ஒரு ஹேண்ட்னா 4 இன்ச், அதாவது 10.16 செ.மீ. 14.2-ன்னா 14 ஹேண்ட், அதுக்கு மேல 2 இன்ச். மொத்தம் 58 இன்ச், 147.3 செ.மீ. 14.3-க்கு அடுத்தது 15 தான், 14.4-னு ஒண்ணு கிடையவே கிடையாது. இங்கிலாந்துல எட்டாம் ஹென்றி காலத்துல, 1540-ல, 4 இன்ச்னு சட்டம் போட்டே முடிச்ச விசயம். இதை மழையில நின்னு அவருக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள குதிரை வேர்த்து நனைஞ்சிருச்சு. இப்பல்லாம் நான் இன்ச்லயும் செ.மீ.லயும் சேர்த்து எழுதி வாங்கிட்டுத்தான் வண்டி ஏத்துறேன்.

குப்பம் ரோடு

வேலந்தாவளம் தம்பி, நீங்க சொல்ற 148, 149 எல்லாம் சவாரிப் போட்டியில பசங்க ஓட்டுற போனி பிரிவுக்குப்பா. ரேக்ளாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? இங்க கமிட்டி வச்சதுதான் சட்டம். நோட்டீஸ்ல லாடத்தோடன்னு இருந்தா லாடத்தோடதான். ஒண்ணும் போடலைன்னா அதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். ஆனைமலைக்காரருக்கு ஆறுதலா ஒண்ணைச் சொல்லி அவரை இன்னும் கொதிக்க விடாதீங்க.

நான் கல்யாணத்துக்குக் குதிரை விடுறவன். பலமநேர் பக்கம் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். என் வெள்ளைக் குதிரை கத்தியவாரி, 14.1. மாப்பிள்ளையோட மாமா வந்து அது பக்கத்துல நின்னாரு. முதுகுக்கு மேல அவர் தலைப்பாகை எழும்பித் தெரியுது. அவ்வளவுதான், தெலுங்குல பிடிச்சுக்கிட்டாரு. குதிரைன்னு பேசிட்டு மட்டக்குதிரையைக் கொண்டாந்து நிறுத்திட்டேனாம், மாப்பிள்ளை கால் கீழே தொங்குதாம். நான் குதிரையோட காதைக் காட்டுறேன். நுனி ரெண்டும் உள்பக்கம் வளைஞ்சு ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு நிக்குது. அந்த ஜாதிக்கே அடையாளம் அது. மனுஷன் காதைப் பாக்கவே இல்லை, பாதிக் கூலியைப் பிடிச்சுக்கிட்டாரு.

14.2-க்குக் கீழ இருந்தா மட்டக்குதிரைன்னு கோடு போட்டது மனுஷன், கடவுள் இல்லை. அரபுக் குதிரையில 14.1 நிறைய இருக்கு, அதை யாரும் போனின்னு சொல்றதில்லை. ஐஸ்லாந்துக் குதிரை 13, 14 ஹேண்ட்தான், அதுவும் குதிரைதான். போலோவுல ஓடுறது 15-க்கு மேலயே இருக்கும், அதுக்குப் பேரு போனி! முதல் உலகப் போருக்கு அப்புறம் போலோவுல உயர வரம்பையே எடுத்துட்டாங்க. அந்த ஆட்டம் புறப்பட்ட மணிப்பூர்லயோ நிஜமான போனி, 11-லருந்து 13 வரைக்கும்தான். உடம்பு வாகைப் பாக்கணும்பா. மட்டக்குதிரைக்கு நெஞ்சுக்கூடு ஆழம், கால் குட்டை, பிடரி அடர்த்தி. உயரத்தை மட்டும் வச்சு ஜாதியையும் கூலியையும் முடிவு பண்ணா எங்க பொழப்பு என்ன ஆகறது?

கம்பமெட்டு அக்கா

என் வீட்டுக்காரரோட தம்பி ஒரு குட்டி வாங்கிட்டு வந்தாரு. "மினியேச்சர் குதிரை அண்ணி, இதுக்கு மேல வளராது, புள்ளைங்க வெளையாடும்"னாரு. வித்தவங்க அவர்கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்காங்க. எனக்குப் பாத்த அன்னைக்கே மனசுல தட்டுச்சு. உடம்பு இத்தினிக்கூண்டு, காலு மட்டும் நெட்டையா இருக்கு. மொளங்காலுக்குக் கீழ எலும்பு நீளமா எறங்குது. வயித்துக்குக் கீழ என் மக நிமிர்ந்து புகுந்து வந்துட்டா.

குட்டி பொறக்கும்போதே காலுல பெரும்பங்கு வளந்துதான் வருமாம், அப்புறம் உடம்பு அதை எட்டிப் பிடிக்கும்னு மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு. ஒரு வயசுலயே முக்கால்வாசிக்கு மேல உயரம் வந்துரும், முழுசா நிக்க நாலஞ்சு வயசாகும். இப்ப அது என் தோளுக்கு நிக்குது. ஷெட்லாந்து போனிக்கே 42 இன்ச்தான் உச்சமாம். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்துல பதியணும்னா 34 இன்ச்சுக்குள்ள இருக்கணுமாம். அதுவும் அங்க அளக்குற எடமே வேற, பிடரி மயிரு கடைசியா முடியுற எடம். அதனால யாராவது "34 இன்ச்"னு சொன்னா எங்க வச்சு அளந்ததுன்னு கேளுங்க.

குதிரைய நாங்க திருப்பிக் குடுக்கல. புள்ளைங்க அழுதுருச்சுங்க. ஆனா ஏலத்தோட்டத்துக்குள்ள அதுக்குப் போட்ட கொட்டாயி பத்தல, தலை இடிக்குது.

லோயர்கேம்ப் பெரியவர்

எல்லாருக்கும் வணக்கம். நான் கிண்டி ரேஸ் லாயத்துல குதிரை பாத்தவன், இப்ப ஊரோட இருக்கேன். எஸ்டேட்காரர் ஒருத்தர் ரேஸ்ல இருந்து நிப்பாட்டுன குதிரைய வாங்க வந்தாரு. 16.1 ஹேண்ட். காது வரைக்கும் டேப்ப புடிச்சு "ஏழடி இருக்கேப்பா"ன்னு சந்தோசப்பட்டாரு. அந்த மொகம் இன்னும் கண்ணுல நிக்குது, நான் சரியான அளவ சொன்னதும் அப்படியே சுருங்கிருச்சு. என் கதை அம்புட்டுத்தான்.

இப்ப சொல்றத வெளையாட்டா எடுத்துக்கிறாதீங்க. தலைய எப்பவும் அளக்கக் கூடாது, அது மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். பிடரி முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற எடத்துல, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல ஒரு எலும்பு மேடு எழும்பி நிக்கும். கைய வச்சுத் தடவுனா தெரியும். அதுதான் எடம். தரை சிமெண்ட்டா, மட்டமா இருக்கணும். மண்ணுல நிப்பாட்டுனா குளம்பு பொதையும், குச்சியும் பொதையும், ரெண்டும் ஒரே அளவுக்குப் பொதையாது. முன்னங்கால் ரெண்டும் சேந்தாப்புல நேரா நிக்கணும். தலை தோள்மேட்டுக்குச் சமமா இருக்கணும், லகான இழுத்துத் தூக்கக் கூடாது. குச்சி செங்குத்தா நிக்கணும், குறுக்குச் சட்டத்துல ரசமட்டம் இருக்கணும், சட்டம் மயித்த அமுக்கி எலும்புல ஒக்காரணும். வெரண்ட குதிரை வெறைச்சுக்கிட்டு ஒசந்து நிக்கும், அத நடக்க விட்டு மூச்சு எறங்குன பெறகு அளக்கணும். குளம்பு சீவாம விட்டிருந்தா அதுவும் ஒசரத்துல சேந்துரும்.

அப்புறம் ஒசரத்த மட்டும் வச்சுக்கிட்டு பூச்சி மருந்து குடுக்காதீங்க. மருந்து எடைக்குத்தான். நெஞ்சச் சுத்தி, முன்னங்காலுக்குப் பின்னாடி டேப்ப போட்டு செ.மீ.ல எடுங்க. அத அதாலயே பெருக்கி, தோள் முனையில இருந்து புட்டத்து முனை வரைக்கும் உள்ள நீளத்தால பெருக்கி, 11,880-ஆல வகுங்க. கிலோ வரும். சுத்தளவு 140, நீளம் 120-ன்னா கிட்டத்தட்ட 198 கிலோ. ஆள் ஏத்துறதுக்கும் இந்தக் கணக்குத்தான். சேணத்தோட சேத்து எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகாம பாத்துக்கங்க. அம்மாடி கம்பமெட்டு, கொட்டாயத் தோள்மேட்டு ஒசரத்த வச்சுப் போட்ருப்பீங்க. நிமிந்த தலைக்கு மேலயும் நல்லா எடம் விடணும்.

ஆனைமலைக்காரன்

ஐயா, நன்றிங்க. ஆனா நான் கேட்டது லாடம்.

குப்பம் ரோடு அண்ணன் சொன்னதுக்காக நோட்டீஸ எடுத்து மறுபடியும் பாத்தேனுங்க. "45 இன்ச்சுக்கு உட்பட்ட குதிரை"ன்னு மட்டுந்தான் இருக்குது. லாடத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அப்போ எப்படி வேணாலும் வச்சுக்கலாம்னு ஆகுது, அதுதான் எனக்கு வேகுது. எங்களோட அளந்த இன்னொரு குதிரை வெறுங்காலோட வந்து உள்ள போச்சு. ஓடறதுக்கு முன்னால லாடம் அடிச்சதை நான் பாத்தேன்.

வேலந்தாவளம்

நான் சொன்னதும் அதுதாண்ணா. எல்லாரையும் லாடத்தோட அளக்கட்டும், இல்லைன்னா எல்லாருக்கும் கழிக்கட்டும். குப்பம் ரோடு அண்ணே, கமிட்டி வச்சதுதான் சட்டம்னா அதை எழுதி வைக்கட்டும்.

குப்பம் ரோடு

அதுல எனக்கும் ஒத்த கருத்துதான். வெறுங்காலோட அளந்துட்டு அப்புறம் லாடம் அடிக்க விட்டது தப்பு.

ஆனா ஐயா சொன்ன மாதிரி சிமெண்ட் தரையை எங்கய்யா தேடறது? பந்தயம் நடக்கிறதே காட்டு ரோட்டுல.

லோயர்கேம்ப் பெரியவர்

தேட வேணாம் தம்பி. எந்த ஊர்லயும் நெல்லு காயப்போட ஒரு களம் இருக்கும். முந்தின நாளு சாயங்காலம் அங்க வச்சு அளந்து, அளந்த குதிரைக்கு கழுத்துல சீட்டு கட்டிவிட்டா காலையில சண்டையே வராது. எந்தக் குதிரைக்கு லாடம் இருக்கு, எதுக்கு இல்லைன்னு அந்தச் சீட்டுலயே எழுதிறலாம்.

ஆனைமலைக்காரன்

களம் இருக்குதுங்க, கோயிலுக்குப் பின்னாலயே. அடுத்த நோம்பிக்கு முன்னால சித்தப்பாவக் கூட்டிக்கிட்டு கமிட்டிகிட்டப் போறேன். கொத்தனார் ஒருத்தர்கிட்ட ரசமட்டம் கேட்டு வச்சிருக்குது. வேலந்தாவளம் தம்பி, அந்த 148, 149 விதி இருக்கிற பக்கத்த பிரிண்ட் எடுத்து அனுப்ப முடியுங்களா?