நம்பிக்கை இல்லை என்னும் மகனோடு எப்படிக் கதைப்பது?

வணக்கம் உறவுகளே. உயர்தரம் படிக்கும் என் மகன், தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டான். கோபத்தில் அல்ல, யோசித்துத்தான் சொல்கிறான். "போரில் அத்தனை பேர் செத்தபோது முருகன் எங்கே இருந்தார்?" என்று கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை.

யாழ்ப்பாணம் நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாளும் விரதம் பிடிக்கும் அவனுடைய அம்மம்மாவுக்கு இது பெரிய மனவருத்தம். அவன் திருநீறு பூசாமல் வெளிக்கிட்டால் அழுகிறார். சொந்தக்காரர் சிலர் "சேர்க்கை சரியில்லை" என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. பிள்ளை எங்களுக்காக நடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நான் நம்புகிறவள். 1964இல் சமாதியடைந்த யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகளின் "நாம் அறியோம்" என்ற வாக்கில் என் மகனுக்கும் இடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லி அவனை மடக்க விருப்பமில்லை.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள். தேர் அன்று அவனைக் கூப்பிடலாமா, அவன் பாட்டில் விடலாமா? வீட்டிலுள்ள பெரியவர்களை எப்படி ஆறுதல்படுத்தினீர்கள்? அப்புறம், நம்பிக்கை இல்லாதவர்களும் தயங்காமல் எழுதுங்கள்: அந்த வயதில் அம்மா எப்படிக் கதைத்திருந்தால் காது கொடுத்திருப்பீர்கள்?