காலிதா போப்பல்: அணியைக் காப்பாற்றினாரா, நாட்டைவிட்டுப் பிரித்தாரா?

வியாசை மிட்ஃபீல்டர்:
2023 அக்டோபர் 23 அன்று சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை 8 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தபோது நம்ம ஊர் கூட்டம் ஆப்கானுக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. அதே நாட்டின் பெண்கள் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டனை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? காலிதா போப்பல். அம்மா உடற்கல்வி ஆசிரியை. காபூலில் பள்ளிக்கூட மதிலுக்குள், வெளியே சத்தம் கேட்காமல் பந்து உதைக்க ஆரம்பித்தவர். 2007இல் தேசிய அணி உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். கொலை மிரட்டல் வந்ததால் 2011இல் நாட்டைவிட்டு வெளியேறினார், டென்மார்க்கில் அடைக்கலம் கிடைத்தது. கேப்டனாக ஆடியதைவிட அதற்கப்புறம் அவர் செய்ததுதான் பெரிது என்பது என் கட்சி.

பெரம்பூர் பெரியவர்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. பேச்சு, பேட்டி, விருது எல்லாம் சரி. இன்றைக்குக் காபூலில் ஒரு பெண் குழந்தை மைதானத்தில் இறங்க முடியுமா? வீராங்கனைகள் மெல்போர்னில், போர்ச்சுகலில், இங்கிலாந்தில் இருக்கிறார்கள். ஊரில் ஒன்றுமே மிச்சமில்லாதபோது எதைச் சாதனை என்கிறீர்கள்?

ஏழாம் நம்பர்:
ஐயா, நான் மாநில அளவில் ஆடியவள். கேம்ப் பட்டியலில் பெயர் இருக்குமா இல்லையா என்பது அன்றைக்கு ஒரே ஒரு ஆளின் கையில் இருந்தது. அவரைப் பார்த்துச் சிரிக்காத பெண்ணுக்கு பெஞ்சுகூடக் கிடைக்காது. அதனால்தான் 2018 விஷயத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜோர்டானில் நடந்த பயிற்சி முகாமில், கூட வந்த ஆண் அதிகாரிகள் பெண்களுக்குத் தொல்லை கொடுத்தது காலிதாவுக்குத் தெரிய வந்தது. அவர் விடவில்லை. ஒவ்வொருவராகப் பேசவைத்தார். கடைசியில் விஷயம் ஆப்கான் கால்பந்துச் சங்கத் தலைவர் கெராமுதீன் கரீம் வரைக்கும் போனது. அவர் ஆபீசுக்குள்ளேயே ஒரு படுக்கையறை, கைரேகை வைத்தால்தான் கதவு திறக்கும் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். உள்ளே போனவள் தானாக வெளியே வர முடியாது. அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் பத்திரிகை 'கார்டியன்' அதை வெளியிட்டது. 2019 ஜூனில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா கரீமுக்கு ஆயுள் தடையும் 10 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. ஒரு முன்னாள் கேப்டன் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, ராணுவப் பின்னணி உள்ள ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கியிருக்கிறார். கப் ஜெயிப்பதைவிட இது எப்படிச் சின்னதாகும்?

பெரம்பூர் பெரியவர்:
அம்மா, அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கரீம் ஜெயிலுக்குப் போனாரா? 2020இல் பஞ்ச்ஷீர் மாகாணத்தில் அவரைப் பிடிக்கப்போன படை வெறுங்கையோடு திரும்பியது. அப்புறம் 2021 ஆகஸ்டு, காபூல் தாலிபான் கைக்குப் போனது. "படங்களை அழியுங்கள், ஜெர்சியை எரியுங்கள்" என்று வீராங்கனைகளிடம் சொன்னது யார்? பெயரையும் முகத்தையும் தைரியமாக வெளியே காட்டுங்கள் என்று அத்தனை வருஷம் சொன்ன அதே காலிதா. அவரை நம்பி வெளியே தெரிந்த பெண்கள்தானே கடைசியில் ஆபத்தில் மாட்டினார்கள்?

வியாசை மிட்ஃபீல்டர்:
ஆபத்து வந்தது தாலிபானால், போட்டோவால் இல்லை. தான் சேர்த்ததைத் தன் வாயாலேயே அழிக்கச் சொன்னாரே, அது எவ்வளவு வலித்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ, ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன் கிரெய்க் ஃபாஸ்டர், வழக்கறிஞர்கள் என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, காபூல் விமான நிலையத்தில் யார் எந்த கேட்டுக்குப் போக வேண்டும் என்று ராத்திரி பகலாகப் போனில் வழிகாட்டினார். வீராங்கனைகள், குடும்பத்தார் என்று 70 பேருக்கும் மேல் ஆஸ்திரேலிய விமானத்தில் ஏறினார்கள். இளையோர் அணி போர்ச்சுகலுக்குப் போனது. நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பீர்கள் ஐயா?

பெரம்பூர் பெரியவர்:
எரிக்கத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதை வெற்றிக் கணக்கில் எழுத மாட்டேன்.

கார்னர் ஃபிளாக்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2025 மே மாதம் ஃபிஃபா ஆப்கான் அகதிப் பெண்கள் அணிக்கு அனுமதி கொடுத்ததை யாருமே சொல்லவில்லையே. அந்த வருஷமே மொராக்கோவில் சாட், துனிசியா, லிபியாவோடு ஆடினார்கள். லிபியாவை 7-0 என்று ஜெயித்தார்கள்.

பெரம்பூர் பெரியவர்:
அந்த அணியின் பெயரைப் பாருங்கள்: 'ஆப்கான் விமன் யுனைடெட்'. 2025இல் தொடங்கியபோது தேசிய அணி என்ற அந்தஸ்து அதற்குக் கிடைக்கவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கிடைக்கும் இடத்துக்கு நட்புப் போட்டி ஈடாகுமா?

ஏழாம் நம்பர்:
ஈடாகாது. அதைத்தான் காலிதாவும் கேட்டுக்கொண்டே இருந்தார். தேசிய அணி என்றால் அந்த நாட்டுச் சங்கம் அங்கீகரிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. சங்கம் இருப்பது தாலிபான் ஆட்சியின் கீழ். பெண்களை ஆடவிடாதவர்களிடமே போய் கையெழுத்து வாங்கி வா என்றால் எப்படி? ஓடிவந்தவர்களை ஒன்றுசேர்த்து, நான்கு வருஷம் ஃபிஃபா கதவைத் தட்டி, இவ்வளவு தூரம் கொண்டுவந்தது ஒரு கேப்டன் செய்யவேண்டிய வேலைதான். அணி மைதானத்துக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், மைதானத்தை அணிக்குக் கொண்டுவந்தார்.

பெரம்பூர் பெரியவர்:
ஆப்கானின் ஹெராத் நகரில் பத்து வயதுப் பெண் ஒருத்தி பந்து உதைக்கும் வரைக்கும் என் கருத்து மாறாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பெண்களை ஒதுக்கும் அதே சங்கத்தின் ஆண்கள் அணி தகுதிச் சுற்றில் ஆட ஃபிஃபா அனுமதிக்கிறது. கிரிக்கெட்டிலும் அதே கதை. முழு உறுப்பினர் நாட்டுக்குப் பெண்கள் அணி வேண்டும் என்கிறது சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி. பெண்கள் அணியே ஆடாத ஆப்கானிஸ்தானின் ஆண்களுக்குத்தான் சேப்பாக்கத்தில் கைதட்டினோம். காலிதாவிடம் கணக்குக் கேட்கும் நான் இவர்களிடமும் கேட்கிறேன். தம்பி, அடுத்த முறை ஸ்டாண்டுக்குப் பேனர் எடுத்துப் போனால் எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள்.