‘ஒத்தக்கடை வீடு’ குழு: மாடித் தளம் போடும் காலை

காலை 8:04

கார்த்தி: முதல் கான்கிரீட் வண்டி வந்துவிட்டது. 6 கியூபிக் மீட்டர். பம்ப் ரெடி. டிரைவர் “கலவை கொஞ்சம் இறுகியிருக்கு, நாலு குடம் தண்ணி விட்டுச் சுத்திக்கிறேன்” என்கிறார். சேகர் சித்தப்பா போன் எடுக்கவில்லை.

பெரியப்பா: இனிய காலை வணக்கம் 🙏 இன்று எதிர்சேவை, மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் நாள். கள்ளழகர் மூன்றுமாவடி வந்துவிட்டார்.

அம்மா: அழகா, நல்லபடியா முடிச்சுக் கொடுப்பா

வனிதா: தண்ணீர் வேண்டாம் கார்த்தி. நிறுத்தி வை. சித்தப்பா வரட்டும்

சேகர் சித்தப்பா: குளித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு விடக் கூடாது. சலானை வாங்கி அதில் இருப்பதை அப்படியே டைப் செய்.

கார்த்தி: எம் 25. சிமென்ட் 340 கிலோ. தண்ணீர் விகிதம் 0.45. ஸ்லம்ப் (கூம்பைத் தூக்கினால் கலவை இறங்கும் அளவு) 120 மி.மீ. ஏற்றிய நேரம் 5:50

வனிதா: 5:50ஆ?

கார்த்தி: புதூர்ப் பக்கம் வண்டிகளைத் திருப்பி விட்டார்களாம். ஒரே கூட்டம்.

பெரியப்பா: எதிர்சேவை என்றால் சும்மாவா

ராஜம் அத்தை: அன்றைக்கே சொன்னேன், சித்திரைத் திருவிழாவில் தளம் வேண்டாம் என்று. யார் கேட்டீர்கள்?

வனிதா: அத்தை, தேதி குறித்ததே உங்கள் மாப்பிள்ளைதான்

காலை 8:13

சேகர் சித்தப்பா: எல்லோரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வண்டியில் கலந்து வரும் ரெடிமிக்ஸுக்கு என்று தனியாக ஐஎஸ் 4926 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. அதன்படி வண்டியில் ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் கலவையை இறக்கிவிட வேண்டும். இறுகலைத் தள்ளிப்போடும் ரிட்டார்டர் போட்டிருந்தால் கூடுதல் நேரம் தரலாம். இப்போது 2 மணி 23 நிமிஷம் ஆகிறது, அதுவும் சித்திரை வெயிலில். அடுத்தது தண்ணீர். ஒரு கியூபிக் மீட்டரில் 340 கிலோ சிமென்ட்டுக்கு 153 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. நாலு குடம் என்றால் சுமார் 60 லிட்டர். 6 கியூபிக் மீட்டரில் பிரித்தால் கியூபிக் மீட்டருக்கு 10 லிட்டர். 0.45 என்பது 0.48 ஆகிவிடும். நாலு குடத்தோடு நிறுத்துவார்கள் என்பதும் நிச்சயமில்லை. அந்த ஹோஸ் பைப்பில் அளவுமானியா இருக்கிறது? கூடுதல் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நிற்கும். பலமும் போகும், ஒழுகவும் செய்யும்.

வனிதா: திருச்சி வீடு மாதிரி 😄

கார்த்தி: ஐப்பசிக்கு மூன்று வாளி

சேகர் சித்தப்பா: அது கைக்கலவை. 1994. அதை விடுங்கள். கூம்பு வைத்திருக்கிறானா கம்பெனிப் பையன்?

செந்தில் மாப்பிள்ளை: மாமா, ரிட்டார்டர் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் தாங்கும். நான் பார்க்காத வண்டியா?

சேகர் சித்தப்பா: நல்லது மாப்பிள்ளை. சலானில் எழுதியிருக்கிறதா?

கார்த்தி: ‘அட்மிக்ஸர்’ (சேர்க்கும் கெமிக்கல்) என்று மட்டும் இருக்கிறது. எது, எவ்வளவு, எதுவும் இல்லை.

சேகர் சித்தப்பா: அப்படியானால் நமக்கு 2 மணி நேரம்தான் கணக்கு. இருந்தாலும் ஸ்லம்ப் பார்த்துவிடு. ஓரமாகச் சமமான தகரத்தின் மேல் கூம்பை வை. மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 குத்து குத்தச் சொல். மேலே வழித்துவிட்டு நேராகத் தூக்க வேண்டும், திருகக் கூடாது.

பெரியப்பா: (அனுப்பிய வீடியோ: கள்ளழகர் எதிர்சேவை நேரலை)

அம்மா: சாப்பாடு எத்தனை பேருக்குச் சொல்ல? மேஸ்திரி 22 பேர் என்கிறார்

ராஜம் அத்தை: தளம் போட்டால் ஆட்களுக்குப் பிரியாணி போடுவதுதான் வழக்கம்

பெரியப்பா: அழகர் ஆற்றில் இறங்கும் வரை இந்த வீட்டில் கவுச்சி கூடாது

காலை 8:26

கார்த்தி: பார்த்தாச்சு. தூக்கினால் கலவை அப்படியே குத்துக்கல்லாக நிற்கிறது. கூம்பைப் பக்கத்தில் வைத்து, மேலே கம்பியைப் படுக்கப் போட்டு ஸ்கேலில் அளந்தேன். 55 மி.மீ.தான் இறங்கியிருக்கிறது. ஜல்லி தனியாகத் தெரிகிறது. கையில் எடுத்தால் சூடு.

வனிதா: 120 கேட்டதற்கு 55

சேகர் சித்தப்பா: திருப்பி அனுப்பு. சலானிலேயே “2 மணி நேரம் கடந்தது, ஸ்லம்ப் 55, ஏற்கவில்லை” என்று நேரம் போட்டு எழுதிக் கையெழுத்து வாங்கு. படம் எடுத்துக்கொள்.

செந்தில் மாப்பிள்ளை: மாமா, கம்பெனிக்காரர் நமக்குத் தெரிந்தவர். திருப்பினால் அடுத்த வேலைக்கு வண்டி தர மாட்டார். கெமிக்கல் கொஞ்சம் விட்டுச் சுத்தினால் இளகிவிடும்.

சேகர் சித்தப்பா: நேரத்துக்குள் வந்து ஸ்லம்ப் மட்டும் குறைந்திருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். கம்பெனி ஆள் தன் பொறுப்பில் அளந்து விட்டு, சுற்றி, மறுபடி கூம்பு வைத்துக் காட்டலாம். இது நேரமும் தாண்டி இறுக ஆரம்பித்தது. கெமிக்கல் விட்டால் பார்க்க இளகும், உள்ளே தொடங்கியது நிற்காது.

ராஜம் அத்தை: மாப்பிள்ளை பத்து வருஷமாகக் கட்டுகிறார். போனில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது சுலபம் சேகர். பங்கு பிரித்தபோதும் நீ இப்படித்தான் ஸ்கேலை வைத்துக்கொண்டு நின்றாய்.

சேகர் சித்தப்பா: அக்கா, அது நில அளவையர் வைத்த கல்

பெரியப்பா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்

வனிதா: சொந்தக்காரர் என்றுதானே என் கல்யாணப் பந்தலையும் விட்டோம். மழையில் யார் தலையில் விழுந்தது?

செந்தில் மாப்பிள்ளை: அது வேறு ஆள் போட்டது வனிதா

பெரியப்பா: மௌலிவாக்கத்தை மறந்துவிட்டீர்களா? 61 பேர் போனார்கள். 2014.

கார்த்தி: அது 11 மாடி பெரியப்பா. நம்முடையது கீழ்வீடு மட்டும்.

காலை 8:41

கார்த்தி: இரண்டாவது வண்டி வந்துவிட்டது. ஏற்றியது 7:25. ரிங் ரோட்டில் வந்திருக்கிறார். ஸ்லம்ப் 115. இது நன்றாக இருக்கிறது, கூம்பைத் தூக்கியதும் மெதுவாக உட்கார்ந்தது. ஆரம்பிக்கலாமா?

சேகர் சித்தப்பா: அவசரப்படாதே. தளம் 1200 சதுர அடி, 5 அங்குலம். 500 கன அடி, அதாவது 14 கியூபிக் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பீமோடு 18. மூன்று வண்டியில் ஒன்று கணக்கில் இல்லை. பதில் வண்டி எப்போது என்று தெரியாமல் தொடங்கினால் பாதியில் நிற்கும். போட்ட விளிம்பு இறுகுவதற்குள் அடுத்த கலவை அதோடு சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் கோடு விழுந்து பிற்பாடு தண்ணீர் கசியும்.

கார்த்தி: பதில் வண்டி 10:45 என்கிறார்கள். மூன்றாவது 9:20க்கு.

பெரியப்பா: 10 மணிக்கு மேல் லாரியை விட மாட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்

வனிதா: யார் பேசிக்கொள்கிறார்கள்?

பெரியப்பா: டீக்கடையில்

செந்தில் மாப்பிள்ளை: ரிங் ரோட்டில் தடை இல்லை. விசாரித்துவிட்டேன். 8:00க்கு மேல் ஏற்றியதை மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆரம்பிக்கலாம் மாமா.

சேகர் சித்தப்பா: அப்படியா, சரி. ஒருவேளை வராவிட்டால் நிற்கிற இடத்தில் விட்டுவிடாதீர்கள். ஸ்பானின் (இரண்டு தூணுக்கு இடைப்பட்ட தூரத்தின்) நடுப்பகுதியில் பலகையை நிமிர்த்தி அடைத்து நிறுத்துங்கள். தூண் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. சாக்கு நனைத்து வையுங்கள், விளிம்பை மூட. கார்த்தி, பம்ப் லைனுக்கு முதலில் விடும் சிமென்ட் பால் தளத்துக்குள் விழக் கூடாது, வெளியே பிடித்துக் கொட்டு.

கார்த்தி: சரி

அம்மா: அப்போ சாம்பார் சாதம் சொல்லிடவா

ராஜம் அத்தை: 22 ஆள் வெயிலில் மாடு மாதிரி வேலை செய்கிறார்கள், சாம்பார் சாதமா?

காலை 9:08

கார்த்தி: பம்ப் ஓடுகிறது. பலம் பார்க்கும் சோதனைக் கட்டி, கியூப், எத்தனை எடுக்க? பையன் 6 மோல்டுதான் கொண்டு வந்திருக்கிறான்.

சேகர் சித்தப்பா: ஐஎஸ் 456 படி 16 முதல் 30 மீட்டர் வரை 3 சாம்பிள். ஒரு சாம்பிளுக்கு 3 கியூப், 28 நாளுக்கு. ஆக 9. ஏழாம் நாளும் பார்க்க ஆசைப்பட்டால் அதற்குத் தனியாக வேண்டும். வண்டியில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டு நடுவில் பிடி. கியூபை நாளைக்குக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். எண், தேதி, வண்டி எல்லாம் எழுதி வை. உடைப்பது கம்பெனி லேபில் வேண்டாம், கல்லூரி லேபுக்கு நீயே கொண்டு போ.

வனிதா: 28 நாள் கழித்து பலம் 18 என்று வந்தால் என்ன செய்வது? மேலே கைப்பிடிச் சுவரே கட்டியிருப்போம்

சேகர் சித்தப்பா: அதனால்தான் வண்டியை வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன். எம் 25 என்றால் பலம் 25. அதற்கு எந்த ஒரு சாம்பிளும் 22க்குக் கீழே போகக் கூடாது. போனால் தளத்தையே துளைத்து எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். அந்தச் செலவும் சண்டையும் யாருக்கு வேண்டும்?

செந்தில் மாப்பிள்ளை: மீதி 3 மோல்டு என் சைட்டிலிருந்து வருகிறது

வனிதா: 👍

கார்த்தி: முதல் வண்டி இன்னும் போகவில்லை. சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஆபீஸ் சொன்னால்தான் எடுப்பேன் என்கிறார் டிரைவர். பில்லில் 6 மீட்டரும் வரும் என்று சேல்ஸ்காரர் போனில் சொன்னார்.

வனிதா: வரக் கூடாது

செந்தில் மாப்பிள்ளை: செப்டிக் டேங்க் பக்கத்துத் தரைக்கு இறக்கிக்கொள்ளலாமா மாமா? பாதி விலை பேசுகிறேன்.

சேகர் சித்தப்பா: தரை என்றால்... மனசில்லை. அப்புறம் அதற்கும் தண்ணீர் விடுவார்கள்.

ராஜம் அத்தை: பாதி விலை என்றால் எவ்வளவு மாப்பிள்ளை?

பெரியப்பா: பில் பேச்சைச் சாயந்திரம் வைத்துக்கொள்வோம்

காலை 9:24

கார்த்தி: மூன்றாவது வண்டி. ஏற்றியது 8:05, ஸ்லம்ப் 110. போடச் சொல்லிவிட்டேன்.

சேகர் சித்தப்பா: நல்லது. வைப்ரேட்டரைக் கம்பியில் சாய்த்து வைக்காமல் பார்த்துக்கொள். சாயந்திரமே ஈரச் சாக்கு போட்டு மூடு, நாளைக் காலையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்து. இந்த வெயிலுக்குக் குறைந்தது 10 நாள். யார் அங்கே இருக்கப் போவது?

கார்த்தி: எனக்குத் திங்கள்கிழமை ஆபீஸ்

வனிதா: நான் சிங்கப்பூரில் இருக்கிறேன்

பெரியப்பா: எனக்கு மாடிப்படி ஆகாது

ராஜம் அத்தை: அளந்து அளந்து சொல்கிறானே, சேகரே வந்து பத்து நாள் தங்கட்டும்

சேகர் சித்தப்பா: வருகிறேன். சாப்பாடு உன் வீட்டில்தான் அக்கா.

ராஜம் அத்தை: பார்க்கலாம்

அம்மா: யாராவது சொல்லுங்கப்பா, சாம்பார் சாதமா பிரியாணியா, கடைக்காரர் லைனில் இருக்கிறார்