புதுப்பிப்பு: இரைச்சல் போனது, டிரம்மர் இன்னும் பாலத்தில்

போன மாதம் பினாங்கில் இருக்கும் எங்கள் பாட்டுக் குழுவைப் பற்றிப் புலம்பியிருந்தேன்: ஸ்பீக்கரில் ஓயாத 'ம்ம்ம்' இரைச்சல், பாடகருக்கு எட்டாத சுருதி, அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலம் தாண்டித் தாமதமாகவே வரும் டிரம்மர்.

இரைச்சல் போய்விட்டது. கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒரு சுவர் பிளக்கில், எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்சர் எதிர்ச்சுவரில். இரண்டு எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகி, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினோம், கப்சிப். (போன பதிவைப் படித்துவிட்டு எர்த் பின்னைப் பிடுங்கச் சொன்ன அண்ணே, எனக்கு இன்னும் உயிர்மேல் ஆசை இருக்கிறது.)

சுருதியை இரண்டு அரைச்சுரம் இறக்கினோம். அங்கேதான் வினை. கீபோர்டு தம்பி டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி இறக்குவான்; வாசிக்கும் கட்டை அதேதான், ஒலி மட்டும் இறங்கும். ஜார்ஜ்டவுனில் ஒரு கல்யாண விருந்து, முதல் பாட்டு பிரமாதம். அடுத்த பாட்டு இறக்காத சுருதியில்; அதற்குப் பட்டனைத் திருப்பிப் போட மறந்துவிட்டான். நான் டி மைனர், அவன் இரண்டு அரைச்சுரம் கீழே சி மைனர். மாப்பிள்ளையின் மாமா பிரியாணித் தட்டோடு திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! இப்போது பட்டன் பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம்.

டிரம்மரா? பாலத்தில் ஜாமாம். பாலம் திறந்தது 1985-இல். இவர் மட்டும் இன்னும் அதைப் புதுச்செய்தி மாதிரி சொல்கிறார்.